கொரிய, ஜப்பானியப் பெயர்களுக்கு அர்த்தம் எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி | 8 ஜூன் 2025

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் எல்லோரும் கொரிய சீரியல் பைத்தியம். 'யூனா' என்று பெயர் வைக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. ஒரு தளத்தில் கொரிய மொழியில் "தெய்வீக ஒளி" என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் ஜப்பானியப் பெயர், "நிலா" என்று இருக்கிறது. எது சரி? இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

8 ஜூன் 2025, இரவு

அந்தத் தளங்களை மூடி வையுங்கள். அங்கே இருப்பது யாரோ கற்பனையில் எழுதி, பத்துப் பேர் பார்த்து எழுதிக்கொண்ட பட்டியல்.

நான் ஒரகடம் பக்கம் இன்டர்பிரட்டர் வேலை பார்க்கிறேன். முதலில் ஜப்பானியம், அப்புறம் கொரியம். விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அதில் தெரிந்துகொண்ட முதல் விஷயம் இது: இந்த இரண்டு ஊர்ப் பெயர்களுக்கும் ஒலியை வைத்து அர்த்தம் சொல்ல முடியாது. பெரும்பாலான பெயர்கள் சீன எழுத்துகளால் ஆனவை. அர்த்தம் அந்த எழுத்தில் இருக்கிறது. ஒரே ஒலிக்குப் பத்து எழுத்து உண்டு, ஜப்பானில் ஒரே எழுத்துக்கு நாலைந்து ஒலியும் உண்டு.

யூனாவையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் 'யு' குறிலாக, 'யுனா' என்று ஒரு பெயர் இருக்கிறது. அதை எழுதும் வழிகளில் ஒன்று "இணைத்துக் கட்டுதல்" என்ற எழுத்தும் "கீரை" என்ற எழுத்தும் சேர்ந்தது. நெடிலாக 'யூனா' என்றால் "கனிவு" என்ற எழுத்தோடு, நாரா நகரத்தின் பெயரில் வரும் 'நா' சேரலாம். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். தமிழில் குறிலும் நெடிலும் இருப்பதால் நாம் பிரித்து எழுதிவிடலாம், இது நமக்குள்ள வசதி. கொரியாவிலும் யுனா உண்டு, அங்கே எழுத்துகள் வேறு. எதிலும் தெய்வீக ஒளி கிடையாது.

அப்புறம், பனிச்சறுக்கு வீராங்கனை கிம் யூனாவை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்றால், அவர் பெயர் கொரிய மொழியில் 'யொனா'. "அழகு", "குழந்தை" என்ற இரண்டு எழுத்துகள். ஆங்கில எழுத்தில் 'யூனா' என்று பதிவாகி உலகம் முழுக்க அப்படியே நிலைத்துவிட்டது.

9 ஜூன் 2025

ஒரு விஷயம் விட்டுப்போனது. எடோ காலத்து (1603–1868) ஜப்பானின் பொதுக் குளியல் விடுதிகளில் வேலை செய்த பெண்களுக்கும் 'யுனா' என்றுதான் பெயர். அந்த வேலை பாலியல் தொழிலையும் சேர்த்தே இருந்ததால் அரசு தடை போட்ட வரலாறும் உண்டு. ஆனாலும் இன்றைக்கும் ஜப்பானியப் பெற்றோர் மகளுக்கு யுனா என்று வைக்கிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. "வெந்நீர், பெண்" என்று எழுதினால் ஒன்று, "இணைத்தல், கீரை" என்று எழுதினால் முற்றிலும் வேறு. ஒலி ஒன்றாக இருப்பதை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை.

13 ஜூன் 2025

"எந்த எழுத்தை வேண்டுமானாலும் பெயரில் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது.

ஜப்பானில் 1948 முதல் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. இன்றைய கணக்கில், பொதுப் பயன்பாட்டு எழுத்துகள் 2,136, பெயருக்கென்று தனியாக அனுமதித்தவை 863. இந்த 2,999க்குள்தான் எடுக்க வேண்டும். கொரியாவில் பெயருக்கான சீன எழுத்துப் பட்டியலை உச்ச நீதிமன்றம் வைத்திருக்கிறது. அதில் ஒன்பதாயிரத்துக்கும் மேல்.

எழுத்துக்குக் கட்டுப்பாடு உண்டே தவிர, ஜப்பானில் அதை எப்படி வாசிப்பது என்பதற்கு 2025 வரை கட்டுப்பாடு இல்லை. "நிலா" என்ற எழுத்தைப் போட்டுவிட்டு 'லூனா' என்று வாசிக்கச் சொல்லும் பெற்றோர் உண்டு. பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர் என்ன செய்வார்? குடும்பப் பதிவேட்டில் வாசிப்பு என்ற கட்டமே இருந்ததில்லை. 2025 மே 26 முதல்தான் வாசிப்பையும் சட்டப்படி பதிய வேண்டும், அது பொதுவாக ஏற்கத்தக்க வாசிப்பாக இருக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். அதையொட்டி நாடு முழுக்க வீடுவீடாகத் தபால் போனது: "உங்கள் பெயரை நாங்கள் இப்படி வாசிக்கிறோம், சரியா?"

1993ல் டோக்கியோவின் மேற்கே அகிஷிமா நகரத்தில் ஒரு தகப்பன் மகனுக்கு 'அகுமா', அதாவது பிசாசு, என்று பெயர் பதியப் போனார். இரண்டு எழுத்துமே அனுமதிக்கப்பட்டவைதான். நகராட்சி மறுத்தது, குடும்ப நீதிமன்றம் வரை போனது, செய்தித்தாள்கள் மாதக்கணக்கில் எழுதின. கடைசியில் அவர் வேறு பெயரைப் பதிந்தார். பெயர் வைக்கும் உரிமை பெற்றோருடையதா, சுமக்கப்போகும் பிள்ளையுடையதா என்று அந்த நாடே வாதாடிய வழக்கு அது. என் கருத்தைக் கேட்டால், நகராட்சி செய்தது சரி.

14 ஜூன் 2025

"இச்சிரோ என்றால் மூத்த மகன் என்று படித்தேன், அதுவாவது சரியா?"

பொதுவாகச் சரி. இச்சிரோ, ஜிரோ, சாபுரோ, ஷிரோ, கோரோ என்று ஒன்று முதல் ஐந்து வரை மகன்களின் வரிசை. நம் ஊரில் பெரியசாமி, சின்னசாமி இருப்பதுபோல. ஆனால் பேஸ்பால் ஆட்டக்காரர் இச்சிரோ சுசுகி வீட்டுக்கு இரண்டாவது மகன். அவருடைய 'ரோ' மகனைக் குறிக்கும் எழுத்து இல்லை, "தெளிவான, மலர்ந்த" என்ற பொருள்கொண்ட வேறு எழுத்து. மறுபடியும் அதே கதைதான்.

எண்ணுக்கு இன்னொன்று. பேர்ல் ஹார்பர் தாக்குதலைத் திட்டமிட்ட தளபதி யமமோட்டோ இசொரோகு. இசொரோகு என்றால் ஐம்பத்தாறு. 1884ல் அவர் பிறந்தபோது அப்பாவுக்கு வயது 56.

21 ஜூன் 2025

ஒருவர் தனிமடலில், "என் வண்டியே ஜப்பான் பெயர்தான், அதற்கு அர்த்தம் சொல்லுங்கள்" என்றார். கேட்டதில் சந்தோஷம். நம் தெருவில் ஓடும் பாதிப் பெயர்கள் அந்த ஊர் விவசாயக் குடும்பப் பெயர்கள்.

ஹோண்டா: முதன்மையான வயல். டொயோட்டா: செழித்த வயல். கவாசாகி: ஆற்று முனை. யமஹா: மலை, இலை. நான்கும் நிறுவனர்களின் குடும்பப் பெயர்கள். சுசுகியை எழுதுவது "மணி, மரம்" என்ற எழுத்துகளால். ஆனால் வேர் அது இல்லை, குமானோ பகுதியில் அறுவடை முடிந்து கம்பைச் சுற்றி அடுக்கும் வைக்கோல் போருக்கு வழங்கிய சொல் என்று விளக்குவார்கள். டொயோட்டா குடும்பத்தின் பெயர் உண்மையில் 'டொயோடா'. கம்பெனிக்கு வைக்கும்போது 'ட்டா' ஆக்கினார்கள், காரணம் ஜப்பானிய எழுத்தில் அப்படி எழுதினால் எட்டுக் கோடுகள் வரும். எட்டு அவர்களுக்கு ராசியான எண். பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைக்கும் நியூமராலஜி நமக்கு மட்டும் சொந்தம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது டயர் கம்பெனி பிரிட்ஜ்ஸ்டோன். நிறுவனர் இஷிபாஷி ஷோஜிரோ. இஷி என்றால் கல், பாஷி என்றால் பாலம். கல்பாலத்தை ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டு 1931ல் கம்பெனி தொடங்கினார். பெயரில் 'ஜிரோ' இருக்கிறதே, அவர் இரண்டாவது மகன்தான்.

குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் இப்படி நிலத்திலிருந்து வந்ததற்குக் காரணம் உண்டு. எடோ காலத்தில் சாமானியர்கள் குடும்பப் பெயரை வெளிப்படையாகப் போட்டுக்கொள்ள அனுமதி இல்லை. 1870ல் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அவ்வளவாக யாரும் முன்வரவில்லை. ராணுவத்துக்கு ஆள் எடுக்கவும் கணக்கு வைக்கவும் பெயர் வேண்டுமே, அதனால் 1875ல் கட்டாயம் என்று ஆணை போட்டார்கள். பலர் ஏற்கெனவே ஊருக்குள் வழங்கிய பெயரைப் பதிந்தார்கள், சிலர் புதிதாக வைத்துக்கொண்டார்கள். தனாகா (வயல் நடுவே), நகமுரா (நடு ஊர்), யமமோட்டோ (மலையடிவாரம்), இஷிகாவா (கல்லாறு). இன்று ஜப்பானில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குடும்பப் பெயர்கள்.

சாட்டோ, இட்டோ, கட்டோ என்று 'ட்டோ'வில் முடிகிறவை மட்டும் வேறு ரகம். அந்த எழுத்து புஜிவாரா என்ற பழைய பிரபுக் குலத்தின் முதல் எழுத்து. இசே பகுதிப் புஜிவாரா இட்டோ, காகா பகுதிப் புஜிவாரா கட்டோ.

22 ஜூன் 2025

கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: சாம்சங், ஹூண்டாய் ஆள் பெயர்கள் இல்லை. மூன்று நட்சத்திரம், நவீனம்.

2 ஜூலை 2025

"கொரியாவில் எல்லோரும் ஏன் கிம்?"

எல்லோரும் இல்லை, ஐந்தில் ஒருவர். 2015 மக்கள்தொகைக் கணக்கில் கிம் 21.5 சதவீதம், ஒரு கோடிக்கும் மேல். லீ 14.7, பார்க் 8.4. மூன்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட பாதி நாடு.

அந்த மூன்று பெயர்களையும் நாம் ஆங்கில வழியாகத் தப்பாகச் சொல்கிறோம். பார்க் என்பது 'பாக்'. நடுவில் வரும் 'ர்' ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஆ' ஒலிக்காகச் சேர்த்தது. லீ தென் கொரியாவில் வெறும் 'ஈ'. வட கொரியாவில் 'ரி'. கிம்முக்குப் பொன் என்ற எழுத்து. பாக் குலத்தின் முதல்வர் பாக் ஹ்யொக்கொசே ஒரு முட்டையிலிருந்து பிறந்தார், அந்த முட்டை சுரைக்காய் போல இருந்தது, சுரைக்காய்க்குக் கொரியத்தில் 'பாக்' என்பது பழைய கொரிய அரசான சில்லா நாட்டுப் புராணம்.

ஏன் இத்தனை கிம் என்பதற்கு வருகிறேன். சோசோன் என்ற கடைசிக் கொரிய அரச வம்சத்தின் காலத்தில் அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடைசி நூற்றாண்டுகளில் காசு சேர்த்தவர்கள் பெரிய குலங்களின் வம்சாவளிப் புத்தகங்களில் இடம் வாங்கினார்கள். 1894ல் சாதி அடுக்கைச் சட்டப்படி ஒழித்தார்கள், 1909ல் எல்லோரையும் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்தது. பெயரில்லாமல் இருந்தவர் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பார்? பெரிய இடத்துப் பெயரைத்தான். ஜப்பானியக் குடியானவன் வயலைப் பார்த்துப் பெயர் வைத்தான், கொரியக் குடியானவன் அரசனைப் பார்த்து வைத்தான். ஒன்று லட்சம் பெயராகவும் மற்றொன்று சில நூறாகவும் நின்றதற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

5 ஜூலை 2025

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்காவிட்டால் கிம் என்பது பாதிதான் புரியும். கொரியர்களிடம் கிம் என்றால் போதாது, எந்த ஊர்க் கிம் என்பார்கள். 'பொன்க்வான்' என்று சொல்லும் மூல ஊர். கிம்ஹே கிம் மட்டும் 44 லட்சம் பேர். க்யொங்ஜு கிம் வேறு குலம். சொஞ்சு லீ என்றால் சோசோன் அரச வம்சம்.

ஒரே பெயர், ஒரே மூல ஊர் என்றால் பங்காளிகள், கல்யாணம் கூடாது. நமக்குப் பழகிய விஷயம்தான், ஆனால் அங்கே அது நாட்டுச் சட்டமாகவே இருந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேர் காதலித்து, இருவரும் கிம்ஹே கிம் என்று தெரிந்தால் கல்யாணத்தைப் பதிய முடியாது. 44 லட்சம் பேர் உள்ள குலத்தில்! பதியாமலே குடும்பம் நடத்தியவர்களுக்காக 1978, 1988, 1996ல் ஒவ்வோர் ஆண்டு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். 1997ல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவு செல்லாது என்றது, 2005ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் தம்பதிகளின் பிள்ளைகள் பதிவேட்டில் பட்ட அவதியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

6 ஜூலை 2025

எதிர்பார்த்ததுதான். கிம்ஹே என்றவுடன், தமிழகத்திலிருந்து கொரியா போனதாக நம்மவர்கள் சொல்லும் "கொரிய ராணி செம்பவளம்" வந்துவிட்டார்.

இதைப் பொறுமையாகப் பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டில் இல்யொன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யூசா'வில் கதை இருக்கிறது. கி.பி. 48ல் 'ஆயுதா' என்ற நாட்டு இளவரசி கப்பலில் வந்து பழைய கொரியாவின் கயா நாட்டு அரசன் சுரோவை மணந்தாள். பெயர் ஹொ ஹ்வாங்-ஓக். கிம்ஹே கிம் குலம் இந்தத் தம்பதியின் வழி. இரண்டு பிள்ளைகள் தாயின் பெயரை எடுத்துக்கொண்டதால் ஹொ குலம் வந்தது, அதனால்தான் கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹொவும் பரம்பரையாகப் பெண் கொடுத்து எடுப்பதில்லை. அயோத்தியில் 2001ல் நினைவிடம் எழுப்பினார்கள். நம்மவர்கள் ஆயுதா என்பது தென்குமரி ஆய் நாடு என்கிறார்கள்.

நாட்டைப் பற்றி விவாதிக்கலாம். பெயரைப் பற்றி விவாதம் தேவையில்லை. செம்பவளம் என்ற பெயர் மூல நூலில் எங்கும் கிடையாது. ஹ்வாங் என்ற எழுத்து மஞ்சள். ஓக் என்பது பச்சைக்கல் வகை மணி. மஞ்சள் மணி என்பதைச் சிவப்புப் பவளம் ஆக்கியது நம் ஊரில் நடந்தது. கிம்ஹேயில் இன்றும் அந்த ராணிக்குக் கல்லறை மேடு இருக்கிறது, மக்கள் பூசை செய்கிறார்கள். அவர்களுடைய பாட்டிக்கு நாம் புதுப்பெயர் சூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

19 ஜூலை 2025

கொஞ்சநாளாக நல்ல அர்த்தமுள்ள பெயர்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். மற்றதையும் எழுதுகிறேன்.

கம்பெனியில் ஒரு கொரிய அதிகாரியின் அம்மா சென்னைக்கு வந்திருந்தார். மருத்துவமனைக்குத் துணையாக நான் போனேன். படிவத்தில் பெயர் எழுதக் கேட்டேன். சொல்லிவிட்டு, "எழுத்து தெரியுமா?" என்று கேட்டு மேசை மேல் விரலால் எழுதிக் காட்டினார். மேலே ஒரு நீளக் கோடு, கீழே ஒரு சின்னக் கோடு, நடுவே மரம். "முடிவு" என்ற எழுத்து, கொரிய வாசிப்பில் 'மல்'. அவர் வீட்டில் நாலாவது பெண். இதோடு பெண் பிள்ளை முடியட்டும் என்று வைத்த பெயர். "அடுத்தது தம்பி பிறந்தான், பெயர் வேலை செய்தது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. போதும்பொண்ணு என்று என் வகுப்பிலேயே ஒருத்தி இருந்தாள்.

ஜப்பானிலும் அப்படியே. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த பாட்டிகளில் 'தொமே' என்று பெயருள்ளவர்கள் நிறைய. தொமே என்றால் நிறுத்து. 'சுயே' என்றால் கடைசி. ஆணுக்கும் 'தொமெ' சேர்த்த பெயர்கள் உண்டு, ஏழைக் குடும்பத்தில் இனி ஒரு வாய்க்குச் சோறு இல்லை என்ற நிலையில் வைத்தவை. ஆனால் பெண்களிடம்தான் அதிகம்.

20 ஜூலை 2025

குப்பன், பிச்சை என்று திருஷ்டிக்கு வைப்பதும் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, அரச வீட்டிலேயே உண்டு.

ஜப்பானை ஒரு குடையின் கீழ் கொண்டுவந்த ஹிதெயோஷிக்கு வெகுகாலம் பிள்ளை இல்லை. 1589ல் பிறந்த மகனுக்கு வைத்த பெயர் 'சுதே', எறிந்தது. எறிந்த பிள்ளையை எமன் தேட மாட்டான் என்ற நம்பிக்கை. குழந்தை 1591ல் இறந்துவிட்டது. 1593ல் அடுத்த மகன். இந்த முறை குழந்தையை வெளியே போட்டு, தளபதி ஒருவரை எடுத்துவரச் சொல்லி, 'ஹிரோய்' என்று வைத்தார். ஹிரோய் என்றால் பொறுக்கி எடுத்தது. குப்பைமேட்டில் போட்டு எடுத்துக் குப்பன் என்று வைக்கும் அதே சடங்கு, ஒசாகா கோட்டைக்குள்.

கொரியாவில் ஆண் குழந்தைகளுக்குச் செல்லப்பெயராக 'கேத்தொங்' இருந்தது. நாய்ப் பீ. நல்ல பெயர் பிறகு, பிள்ளை பிழைத்துத் தேறிய பின்.

10 ஆகஸ்ட் 2025

இந்த இழையில் நான் உண்மையில் எழுத நினைத்தது இதைத்தான். ஆகஸ்ட் 15 வருகிறது, ஜப்பானின் காலனியாக இருந்த கொரியாவுக்கும் அது விடுதலை நாள்.

ஜப்பானியப் பெண் பெயர்களில் 'கோ' முடிவைப் பார்த்திருப்பீர்கள்: மசாகோ, ஐகோ, கசுகோ. "குழந்தை" என்ற எழுத்து. ஒரு காலத்தில் பிரபுக் குலத்துப் பெண்களுக்கு மட்டும். மெய்ஜி காலத்துக்குப் (1868–1912) பின் எல்லா வீட்டுக்கும் பரவி, 1930களில் முன்வரிசைப் பெண் பெயர்கள் எல்லாமே கோவில் முடிந்தன. அதே எழுத்துக்குக் கொரிய வாசிப்பு 'ஜா'. 1940களில் கொரியாவில் பிறந்த பெண்களில் யொங்ஜா, சுன்ஜா, ஜொங்ஜா எத்தனையோ பேர். ஜப்பானிய அதிகாரி 'ஹிதெகோ' என்று வாசிப்பார், அம்மா 'யொங்ஜா' என்று கூப்பிடுவாள், எழுத்து ஒன்றுதான். அடக்குமுறைக்கு நடுவே இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் ஒரு பெயர். இன்று கொரிய இளைஞர்களுக்கு அது வெறும் பாட்டி காலத்துப் பெயர்.

1940 பிப்ரவரியில் காலனி அரசு கொரியர்கள் ஜப்பானிய முறைக் குடும்பப் பெயரைப் பதிய வேண்டும் என்று ஆறு மாதக் கெடு வைத்தது. சுமார் 80 சதவீதக் குடும்பங்கள் பதிந்தன. தானாக முன்வந்தது என்று அரசு சொன்னது. பதியாதவர் பிள்ளைக்குப் பள்ளியில் இடம், வேலை, ரேஷன் எல்லாவற்றிலும் முட்டுக்கட்டை. கிம்கள் பலர் கனெமோட்டோ, கனெயாமா ஆனார்கள். கவனித்துப் பாருங்கள், 'கனெ' என்பது அதே பொன் எழுத்துதான். பெயரை மாற்று என்றபோதும் பொன்னை விடாமல் உள்ளே வைத்துக்கொண்டார்கள். 1946ல் தெற்கில் பழைய பெயர்களை மீட்கும் ஆணை வந்தது.

அந்த 1940 ஆணைக்கு நாலு ஆண்டு முன்னால், 1936 பெர்லின் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வாங்கியவர் 'சோன் கிதெய்', ஜப்பான் என்று பதிவாகியிருக்கிறது. அவர் சோன் கி-ஜொங், கொரியர். பெயரின் எழுத்துகளை ஜப்பானிய வாசிப்பில் வாசித்துவிட்டார்கள். பெர்லினில் கையெழுத்துக் கேட்டவர்களுக்கு அவர் கொரிய எழுத்தில் தன் பெயரைப் போட்டுக் கொடுத்தார்.

11 ஆகஸ்ட் 2025

"போர் முடிந்தபின் எல்லாம் சரியாகிவிட்டதா?" இல்லை. ஜப்பானிலேயே தங்கிவிட்ட கொரியர்கள் பலர் வெளியே ஒரு ஜப்பானியப் பெயர், வீட்டில் ஒரு கொரியப் பெயர் என்று வாழ்ந்தார்கள். இன்றும் சிலர் வாழ்கிறார்கள்.

ஜப்பானில் வாழ்ந்த ச்வே ச்சாங்-ஹ்வா என்ற கொரியப் பாதிரியார் 1975ல் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. மீது வழக்குப் போட்டார். என் பெயரைச் 'சாய் ஷோகா' என்று ஜப்பானிய வாசிப்பில் படித்தீர்கள், அது என் பெயர் இல்லை என்று. கேட்ட இழப்பீடு ஒரு யென். 1988ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால் ஒருவரின் பெயரைச் சரியாக அழைக்க வேண்டும் என்பதற்கு அந்த நபருக்குச் சட்டப் பாதுகாப்புக்குரிய நலன் உண்டு என்று அதே தீர்ப்பு எழுதி வைத்தது. அதற்குள் 1984ல் கொரிய ஜனாதிபதியின் வருகையையொட்டி ஜப்பானிய ஊடகங்கள் கொரிய வாசிப்புக்கு மாறத் தொடங்கியிருந்தன.

இன்னொரு சோன்: சாஃப்ட்பேங்க் என்ற ஜப்பானிய நிறுவனத்தைத் தொடங்கிய மசயோஷி சோன். குடும்பம் யசுமோட்டோ என்ற பெயரில் இருந்தது. அவர் சோன் என்றே இருக்க விரும்பினார். குடியுரிமை கேட்டபோது, ஜப்பானியரில் சோன் என்ற குடும்பப் பெயரே இல்லை என்று மறுத்தார்கள். அவர் மனைவி ஜப்பானியர். மனைவி முதலில் நீதிமன்றத்தில் தன் பெயரைச் சோன் என்று மாற்றிக்கொண்டார். இப்போது ஜப்பானியரில் ஒரு சோன் இருக்கிறாரே! கணவருக்கும் கிடைத்துவிட்டது. இதைப் படித்த அன்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

30 ஆகஸ்ட் 2025

கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: கொரியாவில் மாறாது. ஜப்பானில் தம்பதி ஒரே குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும், சட்டம். யார் பெயரையும் எடுக்கலாம் என்றாலும் 95 சதவீதம் போல மனைவிதான் மாற்றுகிறார். 2015லும் 2021லும் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. இதுவே தொன்றுதொட்ட மரபு என்று வாதிடுகிறார்கள். ஆனால் 1876 ஆணைப்படி மனைவி பிறந்த வீட்டுப் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும், ஒரே பெயர் என்பது 1898 சட்டத்தில் வந்தது.

கொரிய முறையை உடனே பெண்ணுரிமை என்று பாராட்ட வேண்டாம். பழைய வம்சாவளிப் புத்தகங்களில் மனைவியின் சொந்தப் பெயரே இருக்காது. இன்ன ஊர், இன்ன குலம், அவ்வளவுதான். கணவன் குலத்தில் அவள் கடைசிவரை வெளியாள் என்பதால்தான் பெயர் மாறவில்லை.

14 செப்டம்பர் 2025

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டது: மேலதிகாரிகளை எப்படிக் கூப்பிடுவது?

ஜப்பானியர் என்றால் குடும்பப் பெயரோடு 'சான்': தனாகா-சான். உங்கள் பெயரை நீங்களே சொல்லும்போது சான் சேர்க்காதீர்கள். கொரியர் என்றால் குடும்பப் பெயரோடு பதவி: கிம் புஜாங்-நிம். 'புஜாங்' என்றால் துறைத் தலைவர். 'நிம்' மரியாதை. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை. தன் அப்பா பெயரை அயலாரிடம் சொல்ல நேர்ந்தால்கூட ஹொங் கில்-டொங் என்று ஒரேயடியாகச் சொல்லாமல், "ஹொங், கில் எழுத்து, டொங் எழுத்து" என்று பிரித்துச் சொல்வார்கள். புருஷன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிகளுக்கு இது உடனே புரிந்திருக்கும்.

நம் பக்கச் சிக்கல் ஒன்று. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்துவிடும். பயிற்சிக்கு ஜப்பான் போனபோது வங்கி, மருத்துவமனை எல்லா இடத்திலும் என்னை அப்பா பெயரில்தான் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு போனில் சொன்னேன், அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அலுவலகத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "இது என் அப்பா பெயர், என் பெயர் இது." அவர்கள் உடனே மாற்றிக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால் ஐந்து வருடமானாலும் அப்படியேதான் போகும்.

15 செப்டம்பர் 2025

வரிசை பற்றி விட்டுவிட்டேன். இரண்டு ஊரிலும் குடும்பப் பெயர்தான் முதலில். ஜப்பானியர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் நூறு வருடத்துக்கு மேலாகத் திருப்பி எழுதினார்கள். 2020 ஜனவரி 1 முதல் ஜப்பானிய அரசு தன் ஆவணங்களில் ஆங்கிலத்திலும் குடும்பப் பெயரையே முதலில் எழுதுகிறது. நம் பத்திரிகைகளில் கொரியர் என்றால் கிம் முன்னால், ஜப்பானியர் என்றால் ஷின்ஸோ அபே என்று பின்னால். படிப்பவர்கள் கிம் என்பதும் ஷின்ஸோ என்பதும் ஒரே மாதிரிப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டையும் அவர்கள் வரிசையிலேயே எழுதிவிடலாம்: அபே ஷின்ஸோ, பாக் ஜிமின், ஹோண்டா சொயிச்சிரோ. நான் இந்த இழையில் மசயோஷி சோன், இச்சிரோ சுசுகி என்று எழுதியது செய்திகளில் அப்படிப் பழகிய பெயர்கள் என்பதால். இனி சோன் மசயோஷி, சுசுகி இச்சிரோ என்றே எழுதுகிறேன்.